பட்டியல் கேட்டுவிட்டுக் கேமரா தரும் வண்ணாரப்பேட்டைக் கடை

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மொத்த விலைத் துணிக்கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் இயங்கும் கேமரா வாடகைக் கடையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டுப் பயிற்சிக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எடுத்த பன்னிரண்டு நிமிடக் குறும்படத்துக்கு, மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு நாள்களும் ஆடி மாதத்தில் இரண்டு நாள்களும் இந்தக் கடையில்தான் கருவிகள் எடுத்தோம். படத்தின் தயாரிப்புப் பொறுப்பு என்னுடையது என்பதால் அந்தக் கடையின் படிகளில் மற்றவர்களைவிட அதிகமாக ஏறி இறங்கியவள் நான். ஒரே ஒருவர் நடத்தும் சிறிய கடை, அதன் குறைகளையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் கதை எளிமையானது. காசிமேட்டில் வாரியக் குடியிருப்பில் வாழும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, மீன் விற்கும் தாய்க்கு உதவியாக விடியற்காலையில் ஏலத்துக்குப் போகிறாள், பள்ளிக்கும் போகிறாள், இடையில் கிடைக்கும் நேரமெல்லாம் வரைகிறாள். தடைக்காலத்தில் விசைப்படகுகளைப் பழுது பார்த்து வண்ணம் பூசும்போது, படகின் முகப்பில் பெயர் எழுதும் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்குப் பிறகு ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது இன்னும் பெரிய ஆசை. 1850ஆம் ஆண்டில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வராக இருந்தவர். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, உயர் நீதிமன்றம் ஆகிய இரண்டு நிலையங்களைத் தாண்டியதும் சென்ட்ரல் வந்துவிடும், அங்கிருந்து கல்லூரிக்கு அதிகத் தொலைவில்லை. அவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஓரிடத்துக்கு ஒரு பெண் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகிறது என்பதுதான் எங்கள் படம்.

முதல் நாள் கடைக்குப் போனபோது எங்களிடம் கதை இருந்தது, வசனம் இருந்தது, எந்த கேமரா வேண்டும் என்ற முடிவும் இருந்தது. உரிமையாளர் அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேமரா அப்புறம் பாத்துக்கலாம்மா, மொதல்ல ஒன்லைன் ஆர்டர் குடு" என்றார். காட்சிகளைக் கதை வரிசைப்படி ஒவ்வொரு வரியில் எழுதி, பகலா இரவா, உள்ளேயா வெளியேயா, யார் யார் இருக்கிறார்கள், என்னென்ன பொருள்கள் தேவை என்று குறிக்கும் அந்தப் பட்டியல் எங்களிடம் இல்லை. திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஒரு நிமிடம் என்று வகுப்பில் படித்ததை நம்பி, எங்களுடைய பதினோரு பக்கமும் பதினொரு நிமிடம்தான் என்று இருந்தோம். அந்தக் கணக்கு ஆங்கிலத்தில் குறிப்பிட்ட எழுத்துருவில், குறிப்பிட்ட அளவில் தட்டச்சு செய்த பக்கத்துக்கு உரியது, தமிழ் எழுத்துருவில் அது பொருந்தாது என்றும், வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நடித்தே படித்துப் பார்க்குமாறும் சொல்லி அனுப்பினார். அன்று இரவு மொட்டை மாடியில் படித்துப் பார்த்தபோது பத்தொன்பது நிமிடம் வந்தது. மூன்று காட்சிகளை நீக்கினோம். அந்த மூன்றையும் எடுத்துவிட்டுப் பிறகு எடிட்டிங்கில் வெட்டியிருந்தால் ஒரு முழு நாள் வாடகை வீணாகியிருக்கும்.

கருவிகளை வாடகைக்கு விடுவது மட்டுமே தொழிலாக உள்ள ஒருவர் வாடகை நாளைக் குறைக்கும்படி ஆலோசனை சொன்னது என்னை வியக்க வைத்தது. பின்னர் கேட்டபோது, திட்டமில்லாமல் வருகிறவர்கள்தான் கருவியைத் தாமதமாகத் திருப்பித் தருகிறார்கள், அவசரத்தில் கீழே போடுகிறார்கள் என்று காரணம் சொன்னார். அவர் தொழிலுக்கு அது நியாயமான கணக்கு. எங்களுக்கு அது பெரிய உதவியாக அமைந்தது.

இரண்டாம் முறை பட்டியலுடன் போனபோது அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்றை எழுதாமல் இருக்க முடியாது. "அந்தப் பொண்ணு வரையறத யாரும்மா வரையப் போறாங்க?" ஓர் ஓவியரைப் பற்றிப் படம் எடுக்கும் எங்கள் ஐவரில் ஒருவரும் அதைச் சரியாக யோசித்திருக்கவில்லை. நடிக்கும் மாணவிக்கு வரையத் தெரியாது. யாராவது ஒரு நண்பர் நான்கு படம் வரைந்து தந்தால் போதும் என்று நினைத்திருந்தோம். ஆனால் திரையில் ஓர் ஓவியம் வெறுங்காகிதமாகத் தொடங்கிப் பாதியாகி முழுமையாக வேண்டும். காட்சிகளைக் கதை வரிசையில் எடுக்கப் போவதில்லை என்றால் ஒவ்வோர் ஓவியத்துக்கும் வெவ்வேறு நிலைகளில் தனித்தனிப் பிரதிகள் வேண்டும். அவை எல்லாம் ஒரே கையால், ஒரே தாளில், ஒரே கரித்துண்டால் வரைந்தவையாக இருக்க வேண்டும். கன்டினியூட்டி, அதாவது வெவ்வேறு நேரங்களில் எடுத்த காட்சிகள் ஒன்றோடொன்று பொருந்துவதை, பார்ப்பதென்றால் சட்டையையும் தலைமுடியையும் கவனிப்பது என்ற அளவில்தான் நாங்கள் அதுவரை இருந்தோம். கடைசியில் ஓவியம் படிக்கும் தோழி ஒருத்தி ஆறு ஓவியங்களை மும்மூன்று நிலைகளில் பதினெட்டுத் தாள்களாக வரைந்து தந்தாள். கை மட்டும் தெரியும் நெருக்கக் காட்சிகளில் வரைவது அவளுடைய கைதான். அதற்காக நடிகையின் வளையலையும் நகத்தின் நீளத்தையும் அவளுக்கும் பொருத்தினோம், மணிக்கட்டில் மை வைத்து ஒரு மச்சமும் இட்டோம்.

படகில் பெயர் எழுதும் காட்சி இதைவிடக் கடினமானது. எனாமல் பெயின்ட் ஒரு முறை பூசினால் காய்வதற்குப் பல மணி நேரம் ஆகும். டேக், அதாவது ஒரு முறை எடுத்த காட்சி, சரியில்லை என்று அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டுமென்றால் டர்பென்டைன் ஊற்றித் துடைக்க வேண்டும், துடைத்த இடமும் கறையாகத் தெரியும். எனவே மற்றக் காட்சிகளை இடத்துக்கு ஏற்பக் கலைத்துப் போட்டாலும், படகுக் காட்சிகளை மட்டும் கதை வரிசையிலேயே வைக்கும்படி அண்ணன் சொன்னார். முதல் நாள் காலையில் சாக்பீஸ் கோடு, மாலையில் எழுத்தின் விளிம்பு, மறுநாள் காலையில் உள் நிரப்புதல் என்று எங்கள் ஷெட்யூலே அந்த எழுத்துகளைச் சுற்றி அமைந்தது. தவறு நேர்ந்தால் ஈடுகட்டுவதற்காக, படகுக்குப் பூசியிருந்த அதே நீல நிறத்தில் ஒரு பலகையையும் தயார் செய்து வைத்தோம். 'ழ'கரத்தின் வால் கோணிப்போன டேக்குக்குப் பதிலாகப் படத்தில் இருப்பது அந்தப் பலகையின் நெருக்கக் காட்சிதான்.

லென்ஸ் விஷயத்திலும் இதே பொறுமையை அவரிடம் கண்டேன். எங்கள் ஒளிப்பதிவாளர் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று மட்டும் போதும் என்று உறுதியாக இருந்தார். "வீடு எத்தன அடி தம்பி?" என்று அண்ணன் கேட்டார். வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறை அது, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் பத்தடிக்கு மேல் தள்ளிப் போக முடியாது. முழு அளவு சென்சார் கொண்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்திப் பத்தடி தொலைவிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ ஏழடி அகலம்தான் படச் சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) வரும், 35 மி.மீ. என்றால் பத்தடி வரும் என்று தாளில் கோடு போட்டுக் காட்டினார். தாயும் மகளும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டிய சண்டைக் காட்சி எங்களிடம் இருந்தது. 35 எடுத்துக்கொண்டோம்.

ஒளிக்காகச் சொன்ன குறிப்புகளும் இந்த ஊரை அறிந்தவர் சொல்லக் கூடியவை. காசிமேட்டில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் முகம் இருண்டு நிழலுருவமாகத் தெரியும், மாலையில் நகரத்தின் பக்கமிருந்து வரும் வெயில் முகத்தில் நேராக விழும். ஏலத்துக்குப் போகும் காட்சியைக் காலையிலும், அவள் முதன்முதலாகத் தூரிகையை எடுக்கும் காட்சியை மாலையிலும் அதனால்தான் வைத்தோம். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது படம் மினுங்காமல் இருக்க, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 ஃப்ரேம் என்றும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்றும் வைக்கச் சொன்னார். வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டருக்கு வாடகை தர வேண்டாம், கீழே இறங்கி வெள்ளைத் துணி நான்கு மீட்டரும் கறுப்புத் துணி நான்கு மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எம்.சி. ரோட்டுக்கே எங்களை அனுப்பினார். ட்ரோன் கேட்டபோது மட்டும் துறைமுகத்தை ஒட்டிய பகுதிக்குத் தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

இனி நாள் குறிக்கும் விவகாரத்துக்கு வருகிறேன். வடசென்னையில் குறும்படம் எடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இந்தக் கடை உள்பட, கேமரா வாடகைக் கடைகள் கல்யாண வீடியோ எடுப்பவர்களை நம்பியே நடக்கின்றன. சித்திரை, வைகாசி முகூர்த்த நாள்களில் கருவி கிடைப்பது அரிது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் வாடகை இறங்கும், விரும்பிய கருவி கிடைக்கும். ஆனால் எங்கள் கதைக்குக் கரையில் நிற்கும் படகுகள் வேண்டும், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்கள்தான். ஆடியில் படகுகள் கடலில் இருக்கும். அண்ணன் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, முகூர்த்தம் இல்லாத வார நாள்களை எங்களோடு சேர்ந்து தேடினார். அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு, ஜூன் முதல் வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள்கள் அகப்பட்டன. படகு, ஏலம், தெரு ஆகியவற்றை அந்த இரண்டு நாள்களிலும், வீட்டுக்குள் நடப்பவற்றை ஆடியிலும் எடுப்பது என்று முடிவாயிற்று.

ஆடிக்கும் ஒரு விலை உண்டு. அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதம் அது. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் வெள்ளி, ஞாயிறுகளில் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். நேரடி ஒலிப்பதிவை நம்பியிருப்பவர்கள் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ஆகியவற்றை விட்டுவிட்டு நாள் குறிக்க வேண்டும். நாங்கள் புதனும் வியாழனும் எடுத்தோம். அப்படியும் எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஓசையைத் தவிர்க்க முடியவில்லை. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் ஒலியை மட்டும் பதிவு செய்து வைத்தது, வெட்டிய இடங்களில் அதை நிரப்ப முடிந்ததால், எடிட்டிங்கில் எங்களைக் காப்பாற்றியது.

நடித்த மாணவி பதினொன்றாம் வகுப்பில் படிப்பவள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் நடிக்கும்போது ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைத்திருக்கவும் கூடாது என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. எங்கள் நடிகைக்கு அந்த வயது கடந்துவிட்டாலும் அதே வரம்பை நாங்களும் வைத்துக்கொண்டோம், அவளுடைய பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். காலை ஆறிலிருந்து எட்டரை வரை, மாலை நான்கிலிருந்து ஆறரை வரை என்று நாளைப் பிரித்ததில் ஜூன் வெயிலிலிருந்தும் தப்பித்தோம். கேமரா நாள் முழுவதும் எங்களிடம் இருந்ததால் நடுப்பகலில் ஓவியங்களின் நெருக்கக் காட்சிகளை எடுத்துக்கொண்டோம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சோனி ஏ7 3 கேமரா, இரண்டு பேட்டரி, இரண்டு 64 ஜிபி கார்டு ஆகியவற்றுக்குச் சேர்த்து ஜூனில் நாளொன்றுக்கு 1,800 ரூபாய், லென்ஸுக்கு 400, மைக்குக்கு 400, ட்ரைபாடுக்கு 200. ஆடியில் இவையே முறையே 1,300, 300, 300, 150 ஆயின. கூடுதலாக எல்இடி விளக்கு ஒன்றுக்கு 600 கொடுத்தோம். நான்கு நாள்களுக்கும் மொத்தம் 10,900 ரூபாய். கார்டுகள் இரண்டு போதுமா என்ற ஐயம் எங்களுக்கு இருந்தது. 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் நிமிடத்துக்கு 750 எம்பி ஆகும். பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு எட்டு மடங்கு எடுத்தாலும் மொத்தம் 72 ஜிபிதான். ஒவ்வொரு நாள் இரவும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்த பிறகே கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தோம்.

இவ்வளவு நன்மை செய்த கடையில் மூன்று விஷயங்கள் எனக்கு வருத்தம் தந்தன. முதலாவது, ஈடாக ஆதார் அட்டையின் அசலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது. ஐயாயிரம் ரூபாய் முன்பணமும் தருகிறோம், கல்லூரியின் கடிதமும் தருகிறோம், நகலும் தருகிறோம். அதற்கு மேலும் ஒருவருடைய அசல் அடையாள அட்டையை மேசை இழுப்பறையில் வைத்திருப்பது சரியன்று. என் மறுப்பைச் சொன்ன பிறகு ஆடி மாதத்தில் நகலோடு விட்டுவிட்டார். கேட்காதவர்களிடம் இன்னும் வாங்குகிறார் என்றே நினைக்கிறேன், அதனால் நீங்கள் போனால் கேளுங்கள்.

இரண்டாவது, கல்யாணக்காரர்களுக்கே முன்னுரிமை. பதிவு செய்து முன்பணம் கொடுத்திருந்த 35 மி.மீ. லென்ஸ், ஜூன் படப்பிடிப்பின் இரண்டாம் நாள் காலையில் வேறொருவரிடமிருந்து திரும்பி வரவில்லை. முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் எங்களுக்குச் சொன்னார். மாற்றாகக் கொடுத்த 28 மி.மீ. லென்ஸில் ஏலக் காட்சி முழுவதும் ஒருவித அகலத்தோடு வந்திருக்கிறது. ஒளிப்பதிவாளர் அதை இப்போது விரும்புகிறார் என்றாலும் அது நாங்கள் தேர்ந்தெடுத்தது அன்று. வாடகையில் 200 ரூபாயைத் தாமாகவே குறைக்க முன்வந்தார், அவருக்கும் நட்டம்தானே என்று நாங்கள் முழுத் தொகையையும் கொடுத்தோம். பணத்தைவிட, இரண்டு நாள் முன்னதாகவே ஐயம் இருந்தால் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

மூன்றாவது, ஒலிக் கருவிகள். கேமராவையும் லென்ஸையும் கண்ணாடி அலமாரியில் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் அதே மனிதர், மைக்குகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்க விட்டிருக்கிறார். சட்டையில் மாட்டும் இரண்டு மைக்குகளில் ஒன்றின் வயர் அசையும்போதெல்லாம் கரகரத்தது. காற்றைத் தடுக்கும் பஞ்சு உறை இரண்டுக்குமே இல்லை. கடற்கரையில் உறையில்லாத மைக்கில் பேசினால் என்ன கேட்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாய் மகளிடம் "எழுதிட்டு வா, நான் ஏலத்தப் பாத்துக்குறேன்" என்று முதன்முறையாக விட்டுக்கொடுக்கும் வசனம், படத்திலேயே முக்கியமானது, காற்றில் போய்விட்டது. அதை டப்பிங்கில் சேர்த்திருக்கிறோம். உதடு பொருந்துகிறது, ஆனால் அந்த அம்மா படகின் நிழலில் நின்று சொன்னபோது இருந்த குரல் திரும்பக் கிடைக்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். படிக்கட்டு குறுகலானது, ட்ரைபாடும் விளக்கும் எடுப்பதென்றால் இரண்டு பேராகப் போங்கள். இரவு பத்து மணிக்குள் திருப்பித் தராவிட்டால் அடுத்த நாள் வாடகையும் சேரும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எம்.சி. ரோட்டில் நடக்கவே இடம் இருக்காது, அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். பட்டியல் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால், நாள் குறிப்பதற்கு மூன்று வாரம் முன்பே ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வருவது நல்லது. அந்தப் பேச்சுக்கு அவர் பணம் வாங்குவதில்லை.

வரும் ஆண்டில் எங்கள் ஒளிப்பதிவாளர் தனியாக ஒரு படம் எடுக்கப் போகிறார், தயாரிப்பு மறுபடியும் நான்தான். கேமராவும் லென்ஸும் இங்கேயே எடுப்போம். மைக்கை மட்டும், கடையிலேயே நின்று ஐந்து நிமிடம் பதிவு செய்து, வயரை ஆட்டிப் பார்த்து, ஹெட்போனில் கேட்ட பிறகுதான் பையில் வைப்பேன்.